சுண்ணாம்புக்குச் சிவக்காத மஞ்சள்

ஆகஸ்ட் 3, 1959. திங்கள்

காற்று. காலையிலிருந்து ஒரே புழுதி. கொடியில் போட்ட வெள்ளைத் துணி நாலும் செம்மண் நிறம். திரும்ப அலச வேண்டும், தண்ணீர் இல்லை. குழாய் நேற்றும் வரவில்லை. வண்டித் தண்ணீர் ஆறு குடம், அதில் எனக்கே மூன்று என்று மாமியின் முகத்தில் எழுதியிருக்கிறது.

இந்த நோட்டு காலேஜில் தாவரவியல் ரிக்கார்டுக்கு வாங்கியது. பாதி மீதம். ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை. குப்புறப் படுத்து எழுதத் தோதான அளவு. உட்கார்ந்து எழுதி ஏழு மாதம் ஆகிறது.

வியாழக்கிழமை மதுரை சர்ஜனிடம். போன தடவை அவர் கேட்ட எதற்கும் எனக்கு வாய் வரவில்லை. மச்சான்தான், புருஷன் என்ற முறையில், பக்கத்தில் நின்று, "அது வந்துங்க டாக்டர், அந்த இடத்துல, கொஞ்சம்" என்று சொல்லி வியர்த்தார். கிடங்கில் நாற்பது பேரை அதட்டித் தோல் ஏற்றுகிறவர். ஆகவே இந்தத் தடவை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று:

1. சபியா பிறந்தது போன செப்டம்பர். சுகப் பிரசவம்.
2. டிசம்பர் கடைசி. ஆசனவாய்க்கு இடப்பக்கம் கட்டி. எலுமிச்சங்காய் அளவு. காய்ச்சல்.
3. ஜனவரி. இங்கே ஊரில் கீறிவிட்டார்கள். பென்சிலின் ஆறு நாள். அந்த ஆறு நாளும் அதற்குப் பின் கொஞ்ச நாளும் நிம்மதி. மூன்றாம் வாரம் மறுபடி கசிவு.
4. மார்ச். செம்பட்டி மூல வைத்தியர். ஒரு கறுப்புப் பொடி. எரிச்சல். (இதைச் சொல்ல வேண்டுமா?)
5. மே. மதுரையில் ஆபரேஷன். மூலம் இல்லை, பவுத்திரம் என்றார்கள். உள்ளிருந்து வெளியே ஒரு துளை. இருபத்தொரு நாள் படுக்கை.
6. ஜூலை. பழைய துளை திறந்தது. பக்கத்தில் இன்னொன்று, புதுசு.

ஆறோடு நிறுத்தினேன். படித்துப் பார்த்தால் யாருடைய உடம்போ மாதிரி இருக்கிறது.

டாக்டர் பவுத்திரம் என்றாலும் மாமிக்கு இது மூலம்தான். மூலத்துக்குக் காரணம் சூடு. சூட்டுக்குக் காரணம் காலேஜ். எதிர்வீட்டு ரஹீமாக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கட்டும் என்றே: "நாலு வருசம் நாக்காலியில உக்காந்தே படிச்சா சூடு எங்கிட்டுப் போகும்? உக்காந்த எடத்துலதானே தங்கும்."

ரஹீமாக்கா: "அப்ப தாசில்தாருக்கெல்லாம்?"

மாமி: "அவுகளுக்கும் இருக்கும். வெளிய சொல்ல மாட்டாக."

எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கிறது.

இன்றும் கருணைக்கிழங்குதான் வெஞ்சனம். கறி, கோழி, கத்திரிக்காய், மீன் எல்லாம் நின்று மூன்று மாதம். தூங்கப் போகும் முன் மாமியின் பத்து: மஞ்சளும் குப்பைமேனியும் அம்மியில் அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்தது. காலையில் துணியில் சீழோடு மஞ்சள் திப்பி திப்பியாக ஒட்டியிருக்கிறது, ரவை மாதிரி. சரியாக மசிவதில்லை போல. சொன்னால், "முப்பது வருசமா அரைக்கிற கைக்கா குறை சொல்ற" என்பார். சொல்லவில்லை.

சபியா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு எண்ணும் வரை. பிறகு பொத்தென்று உட்கார்ந்துவிட்டு என்னையே பார்க்கிறாள், நான் தள்ளிவிட்டது போல.


ஆகஸ்ட் 7, வெள்ளி

நேற்று எழுத வேண்டியது.

நேற்று ஐந்து மணிக்கே எழுந்து வெந்நீர் வைத்து, இரண்டு தடவை கழுவி, சலவைத் துணி வைத்துக் கட்டிக்கொண்டு பஸ். டாக்டர் முன்னால் அழுக்காகப் போக முடியுமா. மதுரைக்குப் போய் இறங்கியதும் ஆஸ்பத்திரிக் குளியலறையில் மறுபடி ஒரு தடவை. சர்ஜன் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் வரலையே, காஞ்சுதான இருக்கு" என்றார். நர்ஸ் சொன்னாள்: "இம்புட்டுச் சுத்தமா இங்கன யாரும் வரமாட்டாங்க." அது கொஞ்சம் பிடித்திருந்தது. எழுதி வைக்க வெட்கமாக இருக்கிறது.

என் பட்டியலைப் படித்தார். நாலாவதில் நிறுத்திக் கண்ணாடிக்கு மேலே மச்சானைப் பார்த்தார். மச்சான் சுவரைப் பார்த்தார்.

பிறகு சொன்னது:
இரண்டு தடவை கீறியும் மூடாத பவுத்திரம் என்றால் டி.பி.யாக இருக்கலாம். அங்கேயும் வருமாம்.
நெஞ்சு எக்ஸ்ரே: சுத்தம். "சுத்தமா இருந்தாலும் சந்தேகம் சந்தேகந்தான்."
ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி தினம். கூட மாத்திரை.
மஞ்சள், பச்சிலை, எண்ணெய் எதுவும் அங்கே படக்கூடாது.
ஒரு மாதம் கழித்து மூன்றாவது ஆபரேஷன்.
பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும். குழந்தையைப் பிரித்து வைப்பது நல்லது.

எத்தனை நாளைக்கு என்று மச்சான் கேட்டார். "மருந்து கேக்குற வரைக்கும். மூணு மாசம். ஆறு மாசம்னும் ஆகலாம்."

மே மாதம் வெட்டி எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பஸ்ஸில் சின்னாளப்பட்டியில் ஒரு பெண் மடியில் பிள்ளையோடு ஏறினாள். இடம் கொடுத்து நான் நின்றுகொண்டேன். எப்படியும் நிற்கத்தான் வேண்டும். என்ன நல்ல பொண்ணு என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சபியா கையை நீட்டினாள். வாங்கவில்லை. மாமி என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். 


ஆகஸ்ட் 9, ஞாயிறு

காற்று நின்று, வெக்கை.

ஆயக்குடியிலிருந்து அம்மா காலை பஸ்ஸில் வந்து, மதிய பஸ்ஸில் சபியாவோடு திரும்பிப் போனார். கூடை நிறைய கொய்யா கொண்டுவந்தார், வெறுங்கையோடு வரக்கூடாது என்று. பிள்ளையை எடுத்துப் போக வந்தவர்.

சபியாவோடு அனுப்பியவை: சட்டை எட்டு, கம்பளிக் குல்லா ஒன்று (ஆகஸ்டில் எதற்கு), பால் சங்கு, கிலுகிலுப்பை, வசம்பு, நான் உடுத்திய பழைய வாயில் சேலை ஒன்று. அந்த வாசனை இருந்தால் தூங்குவாள். கொடுத்த பிறகுதான் சேலையில் கிருமி இருக்குமோ என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பித் திரும்ப வாங்கி வரச் சொன்னேன். பஸ் கிளம்புவதற்குள் வாங்கி வந்துவிட்டார்கள். இப்போது தலையணைக்கு அடியில்.

பால் கட்டிக்கொண்டு கல். மாமி பூக்காரியை நிறுத்தி நாலு படி மல்லிகை வாங்கினார். நிலக்கோட்டைப் பூ, இன்று விலை குறைவாம். உதிரியாகவே மாரில் பரப்பித் துணியால் இறுக்கிக் கட்டினார். பால் வற்றப் பூதான் மருந்து. முடித்துவிட்டு, "நாளைக்குப் பூவ மாத்தணும். ரெண்டு நாள் பல்லக் கடிச்சுக்க" என்றார்.

வீடு முழுக்கக் கல்யாண வாசனை. மச்சான் கிடங்கிலிருந்து வந்து வாசலிலேயே நின்றார். அவர் மேல் தோல் வாசனை, என் மேல் பூ வாசனை.

அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கும்போது பால் தானாக வழிந்தது. ஒளு முறியுமா என்று யோசித்தேன். சீழுக்கு முறியும். பாலுக்கு இல்லை. எத்தனையோ மாதமாக ஒவ்வொரு வேளைக்கும் கழுவி, துணி மாற்றி, புது ஒளு. ஐந்து வேளை, ஐந்து துணி. போன மாதம் மச்சான் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம், "ஒரு ஆளுக்கு இப்படி ஓயாம கசியுது, அவுக எப்படித் தொழுகுறது" என்று கேட்டு வந்தார். ஹஜ்ரத்: "கசிவு நிக்கிறதுக்கு வழியில்லேன்னா கசிவோட தொழட்டும், வேளைக்கு ஒரு ஒளு போதும். அந்த ஒரு ஆளு நல்லா இருக்காகளா?" ஊருக்கே தெரிந்திருக்கிறது.


ஆகஸ்ட் 13, வியாழன்

திங்களிலிருந்து ஊசி, நாலு ஆகிவிட்டது. கம்பவுண்டர் வீட்டுக்கே வந்து போடுகிறார். காதில் வண்டு சத்தம். தலை சுற்றல் லேசாக. கசிவு அப்படியே.

என் தட்டு, என் டம்ளர் தனி. மாமி யாரிடமும் சொல்லாமல் செய்தார், அடுப்படி மாடத்தில் தனியாகக் கவிழ்த்து. சாப்பிட்டதும் கொதிநீர் ஊற்றுகிறார். நானே கழுவி வைக்கிறேன் என்றதற்கு, "இருக்கட்டும் புள்ள, சுடுதண்ணி கையில பட்டுரும்" என்றார். கெட்டவர் இல்லை.

டி.பி. என்று வாயால் சொல்வதில்லை. "அந்த ரெண்டெழுத்து."

ரஹீமாக்கா வந்து, பிள்ளை எங்கே என்றார்.

மாமி: "அவுக அம்மா ஆசைப்பட்டுக் கூட்டிட்டுப் போயிருக்காக. இவளுக்கு மூலம்ல, தூக்க முடியல."

முந்தி மூலத்தை மறைக்க வயிற்றுவலி என்றார். இப்போது ரெண்டெழுத்தை மறைக்க மூலம். நோய்க்கும் மதிப்பு ஏறுகிறது, இறங்குகிறது.

பால் வற்றிவிட்டது. பூ நிறுத்தியாயிற்று. காய்ந்த பூவைக் கூட்டும்போது கட்டிலுக்கடியில் சபியா கடித்த மரக்கரண்டி கிடைத்தது. நாலு பல் தடம். மேலே ரெண்டு, கீழே ரெண்டு.

சோறு கொஞ்சம். கொய்யா ஒன்று.


ஆகஸ்ட் 17, திங்கள்

ஆயக்குடியிலிருந்து, என்னைப் பெற்ற அத்தாவின் கடிதம். அவர் வாத்தியார், கடிதமும் கேள்வி பதில் மாதிரி. "குழந்தை நலம். பசும்பால் சேருகிறது. முதல் இரண்டு நாள் அழுதாள். இப்போது ஏங்குவது இல்லை, கவலைப்பட வேண்டாம். பால்காரர் வந்து 'ஏனுங்க, பாப்பா எந்திரிச்சாச்சுங்களா' என்றால் கையைத் தட்டுகிறாள்."

ஏங்குவது இல்லை. நல்ல செய்திதான். நாலு தடவை படித்தேன்.

வேறு விஷயம். இதுதான் எழுத வந்தது.

பத்து நிறுத்தி இன்றோடு பதினோரு நாள். மஞ்சள் வீட்டில் என் பக்கமே வரவில்லை. ஆனால் காலையில் துணியில் அதே திப்பி. வெளிர் மஞ்சள், கடுகைவிடச் சிறியது. ஆறு எண்ணினேன்.

முதலில் நினைத்தது: பழைய துணியில் ஒட்டியிருந்தது. ஆனால் துணி புதுசு, மச்சானின் வேட்டி போன வாரம் கிழித்தது.
அடுத்து: நகக்கண். நகம் பார்த்தேன். இல்லை.
அடுத்து: உள்ளேயே தங்கியிருந்த பழைய மஞ்சள், கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. இருக்கலாம்.

ஒன்றை விரல் நகத்தால் நசுக்கினேன். மஞ்சள் என்றால் கறை பிடிக்கும். இது பிடிக்கவில்லை. கொஞ்சம் கெட்டி.

மாமி மத்தியானம் லுஹர் தொழ உள்ளே போன நேரம் அவருடைய வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்தேன். வெள்ளைப் பீங்கான் சாசர். இந்தப் பக்கம் அடுப்படி மஞ்சள் ஒரு சிட்டிகை, அந்தப் பக்கம் திப்பி இரண்டு. இரண்டின் மேலும் சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு. சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும், ஆலாத்தித் தட்டு பார்த்த எல்லோருக்கும்.

மஞ்சள் சிவந்தது.
திப்பி சிவக்கவில்லை.

வெள்ளைப் பக்கத்தில் படம் போட்டேன். பென்சிலில், ரிக்கார்டுக்குப் போடுகிற மாதிரி, ஓரத்தில் கோடு இழுத்து. பெயர் எழுதுகிற இடம் காலி.

ஜனவரியிலிருந்தே இருந்ததா? மாமி பத்துப் போட ஆரம்பித்ததும் ஜனவரிதான். அதற்கு முன் நான் துணியைப் பார்த்ததே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு அலசினேன்.

எந்த டாக்டரும் பார்த்ததில்லை. பார்க்க விட்டால்தானே. ஒவ்வொரு தடவையும் கழுவிக்கொண்டுதான் போனேன். காலேஜில் வேர்முடிச்சைத் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று கொண்டுவந்தவளை லெக்சரர் வெளியே நிறுத்தினார், பார்க்க வேண்டியதைச் சாக்கடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறாய் என்று. அன்றைக்கு வெளியே நின்றவள் நான் இல்லை. சிரித்தவர்களில் ஒருத்தி.


ஆகஸ்ட் 18, செவ்வாய்

மச்சானிடம் சொன்னேன். சாசரைக் காட்டினேன். தோல்காரர், முகம் சுளிக்கவில்லை.

"நாங்களும் இப்படித்தான் பாப்போம். தோல்ல வெள்ளையா இருந்தா உப்பா மண்ணான்னு நாக்குல வச்சு."

"இத நாக்குல வைக்காதீங்க."

"வைக்கல." கொஞ்ச நேரம் சாசரையே பார்த்தார். "மதுரைக்கு எழுதிக் கேப்பமா?"

மதுரைக்கு அடுத்த மாதம் போனால் கத்தியோடுதான் நிற்பார்கள். இங்கேயே லேடி டாக்டரிடம் போகிறேன் என்றேன். பிரசவத்துக்குப் பார்த்தவர். மைக்ராஸ்கோப் வைத்திருக்கிறார், சபியா வயிற்றில் இருந்தபோது மேஜை மேல் பார்த்தேன், உறை போட்டு. கழுவாமல் போகிறேன் என்றும் சொன்னேன். முந்தின நாள் ராத்திரித் தொழுகை இஷாவிலிருந்து தண்ணீர் படாமல்.

மாமி கதவுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறார்.

"கழுவாமயா? டாக்டரம்மா முன்னாடியா? நாய் போகுமா அப்படி?"

"மாமி, கழுவினா ஒண்ணும் தெரியாது."

"தெரியாம இருக்கத்தான் கழுவுறது."

அவர் சொன்னது முழு உண்மை.

அப்புறம் மஞ்சள் சமாச்சாரத்தைச் சொன்னேன். நம்பவில்லை. "என் மஞ்சள் செவக்கலையா? எந்த மஞ்சள்?" சாசரை வாங்கிப் பார்த்தார். தன் பெட்டியிலிருந்து தானே சுண்ணாம்பு எடுத்து, தானே வைத்து, வெளிச்சத்தில் பிடித்து. ரொம்ப நேரம். பிறகு சாசரைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல வேள. எல்லாரும் என் அரைப்பக் குறை சொன்னீக" என்றார். நான் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.


ஆகஸ்ட் 22, சனி

நேற்று போய் வந்தது. ஒழுங்காக எழுத வேண்டும்.

வியாழன் இஷாவோடு தண்ணீர் நிறுத்தம். நேற்று விடிகாலை பஜ்ரு தொழவில்லை, லுஹரும் இல்லை. விட்ட இரண்டையும் சாயங்காலம் களாவாகத் தொழுதேன். மாமி குதிரைவண்டியில் கூடவே வந்தார். வண்டியில் பழைய ரப்பர் ஷீட் போட்டு, அதன் மேல் ஜமுக்காளம் போட்டு. வழியில் யார் பார்த்தாலும் முக்காட்டை இழுத்துக்கொண்டார், அவர்தான் கழுவாதவர் போல. ராத்திரிக் கசிந்த துணி ஊறுகாய் பாட்டிலில், வெந்நீரில் கழுவிக் காயவைத்த பாட்டில். மடியில் வைத்திருந்தேன்.

லேடி டாக்டர் ஐம்பது வயது இருக்கும். கதர்ச் சேலை, காலில் செருப்பு இல்லை. பாட்டிலைத் திறந்து முகத்துக்கு நேரே கொண்டுபோனார்.

"எத்தனை நாளா வருது இது?"

"ஜனவரியிலிருந்து இருக்கும். மஞ்சள்னு நெனச்சேன்."

"மத்த டாக்டருங்க பாக்கலையா?"

"கழுவிட்டுத்தான் போவேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லா வளத்திருக்காங்க உங்கள."

மாமிக்குப் பாராட்டாகப் பட்டது. "நம்ம வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தாங்க" என்றார்.

பார்த்தார். வலித்தது. கண்ணாடிக் குழாயில் உப்புநீர் விட்டு, சீழை அதில் போட்டு, மெல்ல ஆட்டினார். சீழ் கலங்கிப் போனது. திப்பி மட்டும் அடியில் உட்கார்ந்தது, மணல் மாதிரி. ஒன்றை எடுத்து இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். சாயம் போட்டார். உறையைக் கழற்றினார்.

ஒரு கண்ணை மூடிக் குனிந்தார், திருகை மெல்லத் திருப்பினார். ரெகுலேட்டர் கடிகாரம் மட்டும்.

பிறகு, "நீங்க தாவரவியல்தான? வாங்க" என்று நகர்ந்துகொண்டார்.

மூன்று வருஷம் கழித்து மைக்ராஸ்கோப். நின்றுகொண்டே பார்த்தேன். இழைகள். கிளை விட்டு, கிளை விட்டு, நடுவிலிருந்து எல்லாப் பக்கமும். ஓரத்தில் பூ இதழ் மாதிரி விரிந்து. அழகாக இருந்தது, என்ன செய்ய. என்னை எட்டு மாதமாகக் குப்புறப் போட்டது இது என்று தெரிந்தும் ஃபோகஸ் சரி செய்தேன்.

ஆக்டினோமைசிஸ். பூஞ்சையா பாக்டீரியாவா என்று புத்தகங்களே இன்னும் சண்டை போடுகின்றனவாம். மாட்டுக்குத் தாடையில் வரும். மனிதர்களுக்குத் தாடையில், வயிற்றில். இந்த இடத்தில் அபூர்வம். டாக்டர் படிக்கிற காலத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார், பாட்டிலில், ஒரு மாட்டுத் தாடை.

அவர் கேட்டது, நான் சொன்னது:
வைக்கோல், புல் கடிக்கும் பழக்கம் உண்டா? இல்லை. (மாமி: "மாடுன்னு நெனச்சிட்டாக.")
எலும்பு, மீன்முள் விழுங்கியது? தெரியாது. சபியா வயிற்றில் இருந்தபோது மீன் நிறையச் சாப்பிட்டேன்.
சொத்தைப் பல்? ஒன்று.
பென்சிலின் போட்டபோது குறைந்ததா? ஆமாம், ஆறு நாளும்.

"ஆறு நாள் போதாது இதுக்கு. ஆறு மாசம் வேணும்."

அப்புறம் நான் கேட்டேன். ஒரே கேள்விதான் இருந்தது. ஒட்டுமா?

"ஒட்டாது. இது எல்லார் வாயிலயும் குடியிருக்கறதுதான். உங்க வாயில, என் வாயில. எங்கயாவது வழி தெரியாம உள்ள போயிட்டாத்தான் தொந்தரவு. குழந்தைக்குப் பல் வந்துருச்சா?"

"நாலு."

"அப்ப அவளும் சீக்கிரம் குடிவச்சுருவா."

ஆனால் உடனே கூட்டி வரக்கூடாது. ஸ்லைடையும் மிச்சச் சீழையும் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். டி.பி. அதில் இல்லை என்று அவர்களும் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டாம். பத்து நாள். அதுவரை எல்லாம் பழையபடி, தட்டு உட்பட.

திரும்பும்போது பாதி வழியில் மாமி முக்காட்டைத் தளர்த்தினார். பிறகு: "மாட்டு நோயா? அவன் கிடங்குல இருந்து கொண்டாந்தானா?"

"இல்ல மாமி. எல்லார் வாயிலயும் இருக்கறதாம்."

"என் வாயில இல்ல," என்றார். வெற்றிலை போட்டுக்கொண்டார்.


ஆகஸ்ட் 27, வியாழன்

பதில் இல்லை. சாயங்காலம் தூறல், புழுதி அடங்குகிற அளவுக்கு மட்டும்.

செய்தவை: வேட்டி இரண்டு கிழித்தேன். சபியாவின் குல்லாவுக்கு நாடா. புளி கொட்டை எடுத்தேன், நின்றுகொண்டு. மச்சான் சட்டைக்குப் பொத்தான்.

இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. இந்த வாக்கியத்தை டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். பாத்திரம் தேய்க்கும்போது, ஒளு எடுக்கும்போது, அது மட்டும் வருகிறது.

தபால்காரர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்கு.


செப்டம்பர் 1, செவ்வாய்

டாக்டரம்மா ஆள் அனுப்பினார். மச்சான் கிடங்கை விட்டு ஓடிப்போய்ச் சீட்டு வாங்கி வந்தார். சட்டைப் பையில் வைத்து, வேர்வையில் நனைந்திருந்தது.

ஆக்டினோமைசிஸ்: சரி.
டி.பி.: இல்லை.
கல்ச்சர் வளரவில்லை, வளராவிட்டாலும் பரவாயில்லை, கண்ணால் பார்த்தாயிற்று.
ஸ்ட்ரெப்டோமைசின் நிறுத்தம்.
பென்சிலின் தினம், ஆறு வாரம். பிறகு மாத்திரை, மாதக்கணக்கில். அவசரப்பட்டு வெட்ட வேண்டாம்.

மதுரை சர்ஜனும் ஒப்புக்கொண்டு நாலு வரி எழுதியிருக்கிறார். அதில் "மிக அபூர்வம்" இரண்டு இடத்தில்.

மாமி என் தட்டை மாடத்திலிருந்து எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கினார். சத்தத்தோடு. நடுவில் வைத்தார், மேலே இல்லை.

பிறகு அடுப்படியிலிருந்தே கேட்டார்: "ரஹீமாட்ட என்னன்னு சொல்றது? மூலம்னு சொல்லிட்டேன். இப்ப மூலமும் இல்ல, அதுவும் இல்ல. பேரும் வாயில நுழையல."

மச்சான்: "சூடுன்னு சொல்லுங்கம்மா."

ஆயக்குடிக்குத் தந்தி. ஞாயிறு கூட்டி வரச் சொல்லி.


செப்டம்பர் 6, ஞாயிறு

வெயில். மேகம் இருக்கிறது, இறங்கவில்லை.

பதினொன்றரை பஸ். வாசலிலேயே நின்றேன். இருபத்தெட்டு நாள். அம்மாவின் தோளில் இருந்தாள். ரெட்டைப் பின்னல் போடப் பார்த்திருக்கிறார்கள், போதாத முடியில். கையை நீட்டினேன். என்னைப் பார்த்தாள். ஒழுங்காக, தெரியாதவர்களைப் பார்க்கிற மாதிரி, நெற்றியிலிருந்து ஆரம்பித்து. பிறகு அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அம்மா: "தூக்கக் கலக்கம்."

தூக்கக் கலக்கம் இல்லை.

மச்சானிடம் போனாள். மாமியிடம் போனாள், அவர் வெற்றிலைப் பெட்டிச் சாவியைக் கொடுத்ததும். நான் கூப்பிட்டால் மட்டும் உதடு பிதுங்குகிறது. மாமி சொன்னார்: "விடு புள்ள. கூப்புடாத. பாக்காத மாதிரி இரு. கோழிக்குஞ்சு பிடிக்கிற மாதிரித்தான்."

பாக்காத மாதிரி இருந்தேன். அம்மாவுக்குச் சோறு போட்டேன். இன்று கறி. பசும்பால் காய்ச்சி ஆற்றிச் சங்கில் ஊற்றி மாமியிடம் கொடுத்தேன். மாமி பயத்தமாவும் பூசு மஞ்சளும் தேய்த்துக் குளிப்பாட்டினார். அழுதாள். அந்த அழுகை மாறவில்லை, அதே சுருதி.

இரண்டு மணிக்குக் கம்பவுண்டர். ஊசி. இன்றோடு ஆறு. இன்று காலைத் துணியில் திப்பி ஒன்றே ஒன்று.

ஊசி போட்டால் அரை மணி அசையக் கூடாது. கட்டிலில் குப்புறப் படுத்து இந்த நோட்டைத் திறந்தேன். முதுகுக்குப் பின்னால் கால் சத்தம், பட் பட் என்று. நடக்கிறாள். யாரும் எனக்கு எழுதவில்லை, நடக்கிறாள் என்று. திரும்பிப் பார்க்கவில்லை. கட்டில் காலைப் பிடிக்கிற சத்தம். மூச்சு. விளிம்பில் கை. பிறகு என் முதுகில் ஏறினாள், மேட்டில் ஏறுகிற மாதிரி, முட்டியால் இடித்து. ஈரத் தலையைத் தோளில் வைத்தாள். நான் மூச்சு விடவில்லை. கொஞ்ச நேரத்தில் எச்சில் வழிந்தது. தூங்கிவிட்டாள்.

அரை மணிக்கு மேலேயே அசையவில்லை. கை மரத்துவிட்டது.

இப்போதுதான் மாமி வந்து தூக்கித் தொட்டிலில் போட்டார். என் ரவிக்கைத் தோளில், அவள் கன்னம் இருந்த இடத்தில், வட்டமாக மஞ்சள். முதலில் நினைத்தது: திப்பி. மாமியிடம் வெற்றிலைப் பெட்டியைக் கேட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை, விரலில் சுண்ணாம்பைத் தொட்டு அவரே வைத்தார்.

சிவந்தது.